முதுகெலும்பு அறுவையில் நரம்பைக் காக்க ஒளிரும் சாயம்: தியேட்டர் குழுவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் முதுகெலும்பு அறுவைக்கு உதவும் இளம் மருத்துவர்களுக்கும், மயக்கவியல் குழுவுக்கும், தியேட்டர் செவிலியர்களுக்கும் எழுதியது. சாயத்தைப் போடுவது சுலபம். எப்போது போடுவது, தெரிவதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். அதனால் வரிசையை மாற்றாமல் படியுங்கள்.

1. ஒளிர்வது நரம்பு அல்ல

இன்று தியேட்டரில் கைக்குக் கிடைக்கும் சாயங்கள் நரம்பை ஒளிரச் செய்வதில்லை. நரம்பைச் சுற்றியிருப்பதை ஒளிரச் செய்கின்றன. ஆரோக்கியமான நரம்பு வேரின் ரத்தக் குழாய்கள் சாயத்தை வெளியே கசிய விடாது, அதனால் நரம்பு இருட்டாக நிற்கும். கட்டியின் குழாய்கள் கசியும், அதனால் கட்டி மின்னும்.

ஆக நீங்கள் பார்ப்பது கசிவின் வரைபடம். இது மனதில் பதியாமல், ஒளிர்வைக் காட்டும் மைக்ரோஸ்கோப் ஃபில்டரைப் போட்டால் சாயம் உதவுவதை விடக் கெடுதல்தான் அதிகம். நரம்பு நாரோடு ஒட்டி ஒளிரும் புதிய சாயங்கள் தலை, கழுத்து அறுவைகளில் சோதனைக்கு வந்திருக்கின்றன. இந்த வழிகாட்டி அவற்றைப் பற்றியது அல்ல.

2. யாருக்குப் பயன்படும், யாருக்கு வேண்டாம்

நல்ல பலன் தருவது நரம்பு வேரிலிருந்து முளைக்கும் ஷ்வானோமா கட்டிகளில். எபென்டைமோமா, ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா போன்ற தண்டுவடக் கட்டிகளிலும் கட்டியின் எல்லையைப் பிடிக்க உதவும். தண்டுவடத்தின் ரத்தக் குழாய்க் கோளாறுகளுக்கு வேறு சாயம், அதை 11ஆம் பகுதியில் பார்க்கலாம்.

சாதாரண டிஸ்க் அறுவைக்குத் தேவையில்லை.

நம் பகுதிக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. 2013இல் ஒகேனக்கல் குடிநீர் வரத் தொடங்குவதற்கு முன் பல்லாண்டு ஃப்ளோரைடு கலந்த போர்வெல் தண்ணீர் குடித்தவர்கள் இங்கே நிறையப் பேர். எலும்பு ஃப்ளோரோசிஸ் முற்றியவர்களுக்கு முதுகெலும்பின் தசைநார்கள் எலும்பாகி, தண்டுவடத்தின் வெளியுறையான டியூராவோடு ஒட்டி, தண்டுவடத்தை நெரிக்கும். இந்த அறுவையில் நரம்புக்கு ஆபத்து மிக அதிகம், அதனால் ‘சாயம் போட்டுப் பார்க்கலாமே’ என்று தோன்றும். போடாதீர்கள். எலும்பும் ஒளிராது, எலும்புக்கு அடியில் இருப்பதும் தெரியாது, டியூரா மட்டும் மஞ்சளாகும். அங்கே காப்பாற்றுவது வைரமுனை டிரில், பொறுமை, ஒட்டிய எலும்பைத் தாள்போல மெலிதாக்கி அப்படியே மிதக்க விடும் துணிவு, இவைதான்.

3. சாயத்தைத் தேர்ந்தெடுப்பது

ஃப்ளோரசின் சோடியம்: கண் மருத்துவர்கள் விழித்திரைப் படம் எடுக்கப் பயன்படுத்தும் அதே மருந்து. விலை குறைவு, எளிதில் கிடைக்கும். நீல ஒளியில் தூண்டினால் 520 நானோமீட்டர் அளவில் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். மைக்ரோஸ்கோப்பில் யெல்லோ 560 அல்லது அதற்கு இணையான ஃபில்டர் வேண்டும். கட்டி அறுவைக்கு இதுதான் முதல் தேர்வு, இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி இதைப் பற்றியதே.

ஐசிஜி எனப்படும் இண்டோசயனின் கிரீன்: 830 நானோமீட்டர் பக்கம் ஒளிர்வதால் கண்ணுக்குத் தெரியாது. அகச்சிவப்புக் கேமரா வழியாக மானிட்டரில் மட்டும் தெரியும். ரத்தக் குழாய்களைப் பார்க்க இது.

5-அலா: வாய்வழி கொடுப்பது. கிலோவுக்கு 20 மி.கி., மயக்கம் கொடுக்க ஏறத்தாழ 3 மணி நேரம் முன்பு. எபென்டைமோமாவில் பயனுண்டு. கொடுத்த பின் 24 மணி நேரம் வெயிலும் கடும் விளக்கும் படக்கூடாது. ஷ்வானோமாவுக்காக இதைத் தேடி அலைய வேண்டாம்.

மைக்ரோஸ்கோப்பில் எந்த ஃபில்டர் இருக்கிறது என்பதை அறுவைத் தேதி குறிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். ஐசிஜி கேமரா மட்டும் இருக்கும் மைக்ரோஸ்கோப்பில் ஃப்ளோரசின் தெரியாது. ‘ஃப்ளோரசன்ஸ் வசதி இருக்கிறது’ என்ற ஒற்றை வரியை நம்பித் தவறான சாயத்தை வாங்கி வைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. தேவையான ஃபில்டர் இல்லையென்றால் அதற்குரிய இடத்துக்கு நோயாளியை அனுப்புவதே சரி. சாதாரண வெள்ளை ஒளியில் ஃப்ளோரசின் தெரியவேண்டுமானால் அளவைப் பல மடங்கு கூட்ட வேண்டும், அதற்கு நியாயமில்லை.

4. முந்தின நாள்: படம், எடை, கேள்விகள்

கான்ட்ராஸ்ட் போட்ட எம்ஆர்ஐ கையில் இருக்க வேண்டும். கான்ட்ராஸ்ட் மருந்தான கடோலினியம் கசியும் இடத்தில்தான் பெரும்பாலும் ஃப்ளோரசினும் கசியும். படத்தில் கட்டி வெளுக்கவில்லையென்றால் தியேட்டரிலும் மின்னாது, அப்போது சாயத்துக்கு வேலையில்லை. இடுப்புவலி என்று ஸ்கேன் சென்டரில் எடுத்த கான்ட்ராஸ்ட் இல்லாத படத்தோடு வருபவர்கள் பலர், அது போதாது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்த்துவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். ஃப்ளோரசினும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும் என்பதால் அந்த எண் இரண்டுக்கும் உதவும்.

எடையை நீங்களே பாருங்கள். கால் பலவீனத்தால் நிற்க முடியாதவர்களுக்கு கேஸ் ஷீட்டில் உத்தேச எடையே எழுதியிருக்கும். சக்கர நாற்காலியோடு எடைமேடையில் ஏற்றி, நாற்காலியின் எடையைக் கழியுங்கள்.

பிறகு கேள்விகள். ‘ஃப்ளோரசின் அலர்ஜி உண்டா?’ என்று கேட்டால் யாருக்கும் புரியாது. ‘கண் ஆஸ்பத்திரியில கையில மஞ்சள் ஊசி போட்டு கண்ணைப் படம் எடுத்தாங்களா? அப்ப வாந்தி, தடிப்பு, மூச்சுத்திணறல் ஏதாவது வந்துச்சா?’ என்று கேளுங்கள். சர்க்கரை நோயாளிகளில் பலருக்கு இது நினைவிருக்கும். ஆஸ்துமா உண்டா, பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறாரா, கர்ப்பமா, தாய்ப்பால் கொடுக்கிறாரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்கு அலர்ஜி வந்தால் அட்ரினலின் சரியாக வேலை செய்யாது. தாய்ப்பாலில் ஃப்ளோரசின் 4 நாள் வரை வரும்.

தோலில் டெஸ்ட் டோஸ் போட்டு ‘ஒன்றும் வரவில்லை’ என்று நிம்மதி அடையாதீர்கள். அது கடும் அலர்ஜி வராது என்பதற்கு உத்தரவாதம் அல்ல.

5. நோயாளியிடம் சொல்வது

சொல்லாமல் விட்டால் மறுநாள் வார்டில் குழப்பம். இப்படிச் சொன்னால் போதும்: ‘அம்மா, ஆபரேஷன் நேரத்துல கட்டி நல்லாத் தெரியறதுக்கு ஒரு மஞ்சள் மருந்து ஊசி வழியாப் போடுவோம். ஒண்ணு ரெண்டு நாளைக்கு மூத்திரம் ஆரஞ்சு கலர்ல போகும். தோலும் கொஞ்ச நேரம் மஞ்சளாத் தெரியும். காமாலை இல்ல, தானா சரியாயிடும்.’ இதை உடன் இருப்பவரும் கேட்க வேண்டும், ஏனென்றால் சிறுநீர்ப் பையைப் பார்த்துப் பதறுவது அவர்தான். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்களில் பலருக்குத் தெலுங்கோ கன்னடமோதான் வீட்டுமொழி. அந்த மொழி தெரிந்த ஒருவரை வைத்துச் சொல்லுங்கள்.

இங்கே கட்டாயம் வரும் ஒரு கேள்வி: ‘ஃப்ளோரசினா? அந்தத் தண்ணியில இருக்கிற ஃப்ளோரைடா?’ பல்லும் முதுகும் ஃப்ளோரைடால் கெட்டதைக் கண்ணால் கண்ட ஊர்க்காரர்களின் நியாயமான பயம் இது. ஃப்ளோரசின் மூலக்கூறில் ஃப்ளோரின் அணுவே கிடையாது, பெயர்தான் ஒத்திருக்கிறது. நிதானமாக விளக்குங்கள், தள்ளிவிடாதீர்கள்.

ஃப்ளோரசினின் அங்கீகாரம் கண் பரிசோதனைக்குத்தான். முதுகெலும்பில் பயன்படுத்துவது அதற்கு வெளியே வருவதால், சம்மதப் படிவத்தில் தனி வரியாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

6. காலையில் ஃபில்டரைச் சோதிப்பது

நோயாளி உள்ளே வரும் முன் ஒரு கிண்ணம் சலைனில் ஒரு சொட்டு ஃப்ளோரசினைக் கலந்து, அதில் ஒரு துண்டு காஸை நனைத்து, மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து ஃபில்டரைப் போடுங்கள். பளிச்சென்று மின்ன வேண்டும்.

நீர்க்காத சொட்டை அப்படியே வைத்துவிட்டு ‘ஃபில்டர் வேலை செய்யவில்லை’ என்று முடிவு கட்டுவார்கள். அடர்த்தி கூடினால் இந்தச் சாயம் தன் ஒளியைத் தானே விழுங்கிவிடும். ஆம்பூலில் செம்பழுப்பாக மங்கித் தெரிவது அதனால்தான்.

சோதனை முடிந்ததும் கையுறையைக் கழற்றி எறியுங்கள். விரல்நுனியில் ஒட்டிய துளி அறுவை இடத்துக்குப் போனால், இல்லாத கட்டியைக் காட்டும்.

7. மயக்கவியல் குழுவோடு பேசி வைப்பது

சாயம் மட்டும் போதாது. நரம்பு உயிரோடு இருக்கிறதா என்பதைச் சொல்வது மின்தூண்டல். அதற்குத் தசை தளர்வு மருந்து தடை. குழாய் செருகுவதற்கு ஒரு முறை மட்டும் கொடுத்து, பிறகு தொடராமல் விட வேண்டும். கட்டியைத் தொடும் முன் ட்ரெயின் ஆஃப் ஃபோர் (தளர்வு மருந்து மிச்சம் இருக்கிறதா என்று நான்கு முறை தூண்டிப் பார்க்கும் சோதனை) பார்த்து நான்கு துடிப்பும் திரும்பிவிட்டதை உறுதி செய்யுங்கள். எம்இபி (மூளையைத் தூண்டித் தசையின் பதிலைப் பார்க்கும் சோதனை) பார்ப்பதாக இருந்தால் மயக்க வாயுவை விட புரோபோஃபால் தொடர் ஊசியே நல்லது.

இதை முந்தின நாளே பேச வேண்டும். கட்டியைத் திறந்த பிறகு கேட்டால் ‘இப்பதானே ரிலாக்ஸன்ட் கொடுத்தோம்’ என்று பதில் வரும்.

8. அளவும் நேரமும்

கிலோவுக்கு 3 மி.கி. 60 கிலோ எடையுள்ளவருக்கு 180 மி.கி. 10 சதவீத ஆம்பூலில் ஒரு மி.லி.க்கு 100 மி.கி., ஆக 1.8 மி.லி. 20 சதவீத ஆம்பூலாக இருந்தால் 0.9 மி.லி. மட்டும். ஆம்பூலில் எழுதியிருக்கும் சதவீதத்தை இரண்டு பேர் உரக்கப் படித்த பிறகே சிரிஞ்சில் ஏற்றுங்கள். இங்கே நடக்கும் பெரும் தவறு இரட்டிப்பு அளவு.

சிரிஞ்சில் ‘ஃப்ளோரசின், சிரை (ஐவி) ஊசி மட்டும்’ என்று லேபிள் ஒட்டுங்கள். தண்டுவட நீர் கசிகிறதா என்று பார்க்க இந்த மருந்தை டியூராவுக்குள் போடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். இந்த அடர்த்தியில் உள்ளே போனால் வலிப்பு வரும், காலும் போகலாம். டியூராவுக்குள் ஒரு துளியும் கூடாது.

எப்போது போடுவது? மயக்கம் கொடுத்த பின், நோயாளி மல்லாந்து படுத்திருக்கும்போதே. காரணம் மூன்று. அலர்ஜி வந்தால் மார்பை அழுத்தவும் மூச்சுக்குழாயைக் கையாளவும் முடியும், குப்புறக் கிடத்திய பிறகு அது மிகக் கடினம். கை கண்ணெதிரே இருப்பதால் ஊசி வெளியே கசிந்தால் உடனே தெரியும். மூன்றாவது, ரத்தத்தில் இருக்கும் சாயம் குறைந்து கட்டியில் தங்கியது மட்டும் மிஞ்ச நேரம் வேண்டும். திருப்பிப் படுக்க வைத்து, சுத்தம் செய்து, முதுகெலும்பின் பின்பக்க எலும்புத் தகடான லாமினாவை எடுத்து டியூராவைத் திறப்பதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விடும். அந்த இடைவெளி சரியாக இருக்கும்.

பெரிய சிரையில், ஓடிக்கொண்டிருக்கும் சலைன் லைனில், 2 நிமிடம் எடுத்து மெதுவாக. முன்னும் பின்னும் லைனைச் சலைனால் கழுவுங்கள், மற்ற மருந்தோடு சேர்ந்தால் திரியலாம். புறங்கைச் சிறு சிரை வேண்டாம். இது காரத்தன்மை உள்ள மருந்து, தோலடியில் கசிந்தால் சதையைப் புண்ணாக்கும். வீக்கம் கண்டால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

அட்ரினலின் சிரிஞ்சில் ஏற்றித் தயாராக இருக்கட்டும். போட்ட பின் 10 நிமிடம் ரத்த அழுத்தம், மூச்சுக்குழாய் அழுத்தம், தோல் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் குப்புறத் திருப்ப வேண்டும்.

டியூராவைத் திறந்த பிறகு ‘மறந்துவிட்டோம், இப்போது போடலாம்’ என்பது வீண். ரத்தம் முழுக்கச் சாயம் இருக்கும், பார்க்கும் இடமெல்லாம் மஞ்சளாகும். மறந்தால் அன்றைக்குச் சாயம் இல்லாமலே செய்யுங்கள்.

9. ஃபில்டரின் கீழ் தெரிவதைப் படிப்பது

முதலில் ரத்தக் கசிவை முழுவதும் நிறுத்தி, வெதுவெதுப்பான சலைனால் கழுவுங்கள். ரத்தத்தின் நீர்ப்பகுதியிலும் சாயம் இருப்பதால் தேங்கிய ரத்தம் கட்டிபோலவே மின்னும். குளிர்ந்த சலைன் நரம்பைச் சீண்டி தசைத் துடிப்பைக் காட்டும் இஎம்ஜி திரையில் பொய்த் துடிப்பைக் கிளப்பும். தியேட்டர் விளக்கை அணையுங்கள், மைக்ரோஸ்கோப்பைக் கொஞ்சம் அருகில் இறக்குங்கள்.

டியூராவைத் திறக்கும் முன்பு ஃபில்டரில் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். தசை, எபிடியூரல் சிரைகள், டியூரா எல்லாமே சாயத்தை வாங்கி மஞ்சளாக இருக்கும். அது இயல்பு.

திறந்த பிறகு, சாயத்தை நன்றாக வாங்கிய ஷ்வானோமா இப்படித் தெரியும்: எலுமிச்சை மஞ்சளில் உருண்டையான கட்டி, அதன் மேல் நூலிழை அகலத்தில் இளஞ்சிவப்பாக, ஒளியில்லாத பட்டைகள் நீளவாக்கில் ஓடும். அந்தப் பட்டைகள்தான் கட்டி தள்ளிப் பரப்பிய நல்ல நரம்பு இழைகள். வெள்ளை ஒளியில் இவை கட்டியின் உறையோடு ஒன்றிப்போய், கத்தி பட்ட பிறகுதான் தெரியும். சாயம் போடுவதே இந்தக் காட்சிக்காகத்தான்.

இப்போது பொறிகள். மின்னுவதெல்லாம் கட்டி அல்ல. பின்வேர் நரம்பு முடிச்சுக்குச் சாயத்தைத் தடுக்கும் சுவர் கிடையாது. நரம்பு வேர் வெளியேறும் துளையான ஃபொராமெனுக்குள் பட்டாணிபோல் புடைத்து மஞ்சளாக நிற்கும். புதியவர் அதைக் கட்டியின் மிச்சம் என்று நினைத்துச் சுரண்டப் போவார். எந்த மட்டத்தில் இருக்கிறோம், எம்ஆர்ஐயில் அங்கே கட்டி இருந்ததா என்று திரும்பிப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். அதேபோல, நாள்பட நசுங்கி அழற்சி கண்ட வேரும் கசியும், மின்னும். வேலை செய்யும் நரம்பு அது.

இருட்டாக இருப்பதெல்லாம் நரம்பும் அல்ல. கட்டிக்குள் நீர்ப்பை, செத்த திசு, பழைய ரத்தக்கட்டு எதுவும் ஒளிராது. ‘இருட்டு வந்துவிட்டது, கட்டி முடிந்தது’ என்று நிறுத்தினால் பாதிக் கட்டி உள்ளே இருக்கும். ‘இது செத்த திசுதான்’ என்று இழுத்தால், அது நரம்பு இழையாக இருந்தால், கால் விரல் தூக்கும் சக்தி போய்விடும். ஆகவே நிறத்தை மட்டும் வைத்து எதையும் வெட்டாதீர்கள், எதையும் விட்டுவிடவும் வேண்டாம்.

ஃபில்டரிலேயே தொடர்ந்து வேலை செய்யாதீர்கள். ஆழம் சரியாகத் தெரியாது, சிறு ரத்தக்கசிவு கண்ணில் படாது. 20, 30 விநாடி பாருங்கள், பட்டைகள் ஓடும் திசையை மனதில் வாங்குங்கள், வெள்ளை ஒளிக்குத் திரும்பி வேலையைச் செய்யுங்கள். விளக்கைத் தேவைக்கு மேல் கூட்டி நீண்ட நேரம் வைத்தால் சாயமும் வெளிறிப்போகும்.

10. மின்தூண்டலால் உறுதி செய்து, பிறகு வெட்டுவது

முதலில் சந்தேகமில்லாத ஒரு நல்ல வேரைத் தூண்டிப் பதில் வருகிறதா என்று பாருங்கள். இதைத் தவிர்ப்பவர்கள் அதிகம். நல்ல நரம்பே பதில் சொல்லவில்லையென்றால் ஒயர் கழன்றிருக்கலாம், தளர்வு மருந்து மிச்சம் இருக்கலாம். அந்த நிலையில் ‘பதில் இல்லை’ என்பதற்கு அர்த்தமே கிடையாது.

பிறகு, இருண்ட பட்டைகள் இல்லாத மஞ்சள் பகுதியைத் தேர்ந்து, அங்கே 0.1 மில்லி ஆம்பியரில் தொடங்கிப் படிப்படியாக 2 வரை கூட்டுங்கள். சலைன் தேங்கியிருந்தால் மின்சாரம் அதில் பரவிப் பக்கத்து நரம்பைத் தூண்டிவிடும், ஒற்றி எடுத்துவிட்டுத் தொடுங்கள். பதில் இல்லாத இடத்தில், இழைகள் ஓடும் அதே திசையில் நீளவாக்கில் உறையைக் கீறுங்கள். குறுக்கே கீறினால் ஒரே கீறலில் பல இழைகள் போகும்.

உள்ளிருந்து கட்டியைக் குடைந்து சுருக்குங்கள். உறை தளர்ந்த பிறகு மறுபடி ஃபில்டர், மறுபடி தூண்டல். கடைசியில் கட்டி முளைத்த இழை இரண்டு முனையிலும் கட்டியோடு சேர்ந்து நிற்கும். பெரும்பாலும் அது உணர்வு நரம்பு இழை, வேலையை எப்போதோ இழந்திருக்கும். இரு முனையிலும் தூண்டிப் பதில் இல்லை என்று தெரிந்தால் வெட்டலாம். ஆனால் உணர்வு இழை தசைத் துடிப்பைக் காட்டாது. எஸ்2 முதல் எஸ்4 வரையான, கீழ்முதுகின் கடைசிப் பகுதி வேர்களில் ஆசனவாய்த் தசையில் ஊசி மின்முனை வைத்திருந்தால் மட்டுமே பதிலை நம்புங்கள், அங்கே தவறினால் சிறுநீர்க் கட்டுப்பாடு போகும்.

பதில் வரும் இழையில் கட்டி ஒட்டியிருந்தால் மெல்லிய படலத்தை விட்டுவிடுங்கள். அது மஞ்சளாக மின்னிக்கொண்டே இருக்கும், எடுக்கத் தூண்டும். ஷ்வானோமா மெதுவாக வளர்வது, எம்ஆர்ஐயில் பார்த்துக்கொள்ளலாம்.

11. ரத்தக் குழாய் அறுவையில் ஐசிஜி

தண்டுவடத்துக்குப் போகும் குழாயைத் தெரியாமல் அடைத்தாலும் நரம்பு செத்துப்போகும். டியூரல் ஃபிஸ்துலாவில் (டியூராவில் தமனியும் சிரையும் தவறாக நேரே இணைந்த கோளாறு) எந்தக் குழாயை அடைக்க வேண்டும், எது தண்டுவடத்துக்கு உயிர் கொடுப்பது என்று பிரிக்க ஐசிஜி.

25 மி.கி. குப்பியில் 10 மி.லி. ஊசி நீர் சேருங்கள். சலைனில் கரைத்தால் சரியாகக் கரையாமல் படியும். 60 கிலோவுக்கு 12.5 மி.கி., அதாவது 5 மி.லி., ஒரே மூச்சில் போட்டு 10 மி.லி. சலைனால் தள்ளுங்கள். கரைத்ததை 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். இதில் சோடியம் அயோடைடு கலந்திருப்பதால் அயோடின் அலர்ஜி உள்ளவர்களுக்குத் தவிருங்கள்.

சில விநாடிகளில் தமனி, அடுத்து சிரை. வரிசைதான் முக்கியம், எனவே ஊசி போடும் முன்பே வீடியோ ஓட வேண்டும். ரத்தத்தில் பாதியாகக் குறைய 3 முதல் 4 நிமிடம் ஆகும் என்பதால், கிளிப் போட்ட பின் மறுபடி பார்க்க 15 நிமிடமாவது விடுங்கள். போட்டவுடன் ஆக்ஸிஜன் அளவு சற்று நேரம் இறங்கியதாகக் காட்டும். அது சாயம் கருவியை ஏமாற்றுவது, மயக்கவியல் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள். இதைக் குப்புறக் கிடக்கும்போதுதான் போட முடியும், அதனால் அவசரமாகத் திருப்ப ஒரு டிராலி தியேட்டர் வாசலில் நிற்கட்டும்.

12. வார்டில்

மயக்கம் தெளிந்ததும் கால் பெருவிரலைத் தூக்கச் சொல்லுங்கள், பாதத்தை அழுத்தச் சொல்லுங்கள், தொடை உள்பக்கமும் ஆசனவாய்ப் பகுதியும் உணர்கிறதா என்று பாருங்கள். முந்தின நாள் எழுதிய பலத்தோடு ஒப்பிட்டு எண்ணாக எழுதுங்கள்.

சிறுநீர் 24 முதல் 36 மணி நேரம் ஆரஞ்சாகப் போகும். கேஸ் ஷீட்டின் முன்பக்கத்தில் ‘ஃப்ளோரசின் போடப்பட்டது, நேரம் இது’ என்று எழுதினால் இரவுப் பணிச் செவிலியர் பதற மாட்டார். நிறத்தைப் பார்த்துப் படிக்கும் சிறுநீர்க் குச்சிச் சோதனையை அன்று நம்ப வேண்டாம். சில ரத்தப் பரிசோதனைகளும் மாறும், மறுநாள் எடுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் சாயத்தின் பெயர், அளவு, எதிர்விளைவு வந்ததா என்பது மூன்றும் இருக்க வேண்டும். நாளைக்கு இவர் சர்க்கரைக்காகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே போடப்போவதும் இதே மருந்துதான்.